சங்கத்துக்கு ஒரு துவக்கு

எனக்கு ஆண் மூஸ் அடிக்க அனுமதி விழுந்த அன்று நான் செய்த முதல் முட்டாள்தனம், அதையும், துவக்கு வாங்கப் போகிறேன் என்பதையும் வட்ஸ்அப்பில் போட்டது. வாயை மூடிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், பேசாமல் ஒரு சாதாரண றைபிளை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எலி வளை என்றாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் ஒன்றும் மடையர்கள் அல்ல.

மூஸ் வேட்டை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூஸும் மான் சாதிதான், ஆனால் எங்களுடைய புள்ளிமானை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடாது. ஆண் மூஸ் வீதியோரம் நின்றால் எங்கள் வான் வண்டிக்கு மேலால் அதன் தலை தெரியும். ஒன்ராறியோவில் நினைத்தவுடன் போய் அதைச் சுட முடியாது. ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காத வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும், புள்ளி கூடக்கூட வாய்ப்பும் கூடும். அனுமதி கிடைத்தால் அது அந்த ஒரு பருவத்துக்கு மட்டும்தான். சுட்டாலும் சரி, சும்மா திரும்பி வந்தாலும் சரி, சேர்த்த புள்ளி எல்லாம் பூச்சியமாகிவிடும். நான் புள்ளி சேர்க்கத் தொடங்கியபோது என் தலைமயிர் கறுப்பு.

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவன். வேட்டைக்குப் போகப் பழகியது அங்கே என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரனோடு. அவனிடம் துவக்குகளும் இருந்தன, வடக்கே ஒரு ஏரியோரம் சின்னக் கபினும் இருந்தது. என் வீட்டில் மூஸ் கறி சாப்பிட்ட மூன்று பேர் தாங்களும் வரவேண்டும் என்று வகுப்புக்குப் போய், சோதினை எழுதி, லைசென்ஸ் எடுத்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இறைச்சியோடு வந்த வருடமும் உண்டு, நுளம்புக்கடியோடு மட்டும் வந்த வருடமும் உண்டு. பிறகு வெள்ளைக்காரன் வேலையை விட்டு, மகளோடு இருப்பதற்கு அல்பேட்டாவுக்குப் போய்விட்டான். கபின் திறப்பை எனக்குத் தந்தான், துவக்குகளைத் தன்னோடு கொண்டுபோனான்.

அந்த மூன்று பேரில் மூத்தவர் வீடு விற்கும் முகவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஸ்காபரோவில் பஸ்சுக்குக் காத்திருக்கும் வாங்குகளின் விளம்பரப் படங்களில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களில் அவரும் ஒருவர். இரண்டாமவன் லொறி ஓடுகிறவன், என் வயது, எனக்கு மச்சான். மூன்றாமவன் ஒரு வங்கியில் கணினி வேலை பார்க்கும் தம்பி. ரொறன்ரோவில் இந்த மூவரோடும் ஒரு கோப்பிக்கு மேல் இருக்க எனக்குப் பொறுமை இல்லை. காட்டுக்குள் போனால் வேறு ஆட்கள். அண்ணை சட்டி கழுவுவார். மச்சான் பழைய பாட்டுகளைத் தப்புத் தப்பாகப் பாடுவான். தம்பி ரெலிபோனைத் தொடமாட்டான். யார் எங்கே எத்தனை அறை வீடு வாங்கினான், யாருடைய பிள்ளை எந்தக் கம்பஸ் என்ற கதை எல்லாம் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். வருடத்தில் அந்த ஒரு கிழமைக்காகத்தான் நான் மிச்சக் கிழமைகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஊரில் வேறு சிநேகிதர் இல்லை.

வட்ஸ்அப்பில் செய்தி போய் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் அண்ணை அழைத்தார்.

"தனியத் துவக்கு வாங்கப் போறியாம்?"

"ஓம் அண்ணை. சாதாரணமா ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"உது என்ன கதை? ஒரு மூஸ், ஒரு அனுமதி. ஆளுக்கொரு துவக்கு என்னத்துக்கு? எல்லாருமாச் சேந்து நல்லதா ஒண்டு வாங்குவம். ஒரு கூட்டம் வைப்பம்."

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் ரெலிபோனை வைத்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் பனிக்குள் புதைந்த காரை நாலு தமிழர் சேர்ந்து தள்ளினால், கார் வெளியே வர முன்னமே அதற்கொரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் வந்துவிடுவார்கள். கார் அங்கேயே நிற்கும், சங்கம் இரண்டாக உடைந்து இரண்டு ஆண்டுவிழா நடக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் விழுந்த மூஸைத் தனியாளாக அசைக்க முடியாது, ஒரு தொடையைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதோடு, அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமும் இல்லை. ஓம் என்றேன்.

கூட்டம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு கோப்பிக் கடையில் நடந்தது. அண்ணை தலைவரானார். தம்பி செயலாளரானான். மச்சான் பொருளாளரானான். மிச்சம் இருந்தது நான். அனுமதி என் பெயரில் இருந்தபடியால் என்னைச் சும்மா விடக்கூடாது என்று, நிர்வாக சபை உறுப்பினர் என்ற பதவியைத் தந்தார்கள். சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அது நீளம். இனி நானும் அவர்களைப் பதவியால்தான் எழுதப் போகிறேன். அதைத்தான் அவர்களும் விரும்புவார்கள்.

கடைக்கு நால்வருமாகப் போனோம். கடைக்காரன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு துணியை விரித்து இரண்டு துவக்கை வைத்தான். ஒரே கொம்பனி, ஒரே குழாய், ஒரே குண்டு. முதலாவது ஸ்ராண்டட், அதாவது சாதாரணம். கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி, கறுப்பு இரும்பு. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை, மண்வெட்டி மாதிரி இருந்தது. கையில் எடுத்தேன். தோளில் வைத்ததும் அது வேறு இடம் தேடவில்லை. இரண்டாவது அப்கிறேட். பிடி முழுவதும் வால்நட் மரம், வார்னிஷில் முகம் பார்க்கலாம். மழையில் துருப்பிடிக்காத ஏதோ பூச்சுப் பூசிய இரும்பு. விசை மெதுவாம். குழாய் வாயில் ஒரு தொப்பி, அது தோளில் உதைப்பதைக் குறைக்குமாம். அடியில் குண்டு போகும் அறைக்கு வெள்ளி நிறத்தில் ஒரு மூடி, அதில் விருப்பமான பெயரை வெட்டுவிக்கலாமாம். விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

கடைக்காரன் ஆளைப் பார்த்துச் சரக்கு விற்கத் தெரிந்தவன். முதலில் என்னைப் பார்த்துக் கதைத்தான், பிறகு தலைவரின் மணிக்கூட்டைக் கண்டான், அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அப்கிறேட்டைத் தூக்கித் தலைவரின் கையில் கொடுத்து, இது பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் துவக்கு என்றான். தலைவருக்கு இன்னும் பேரப்பிள்ளை இல்லை. ஆனாலும் தலையாட்டினார்.

"அண்ணை, இரண்டும் ஒரே இடத்திலதான் சுடும்," என்றேன்.

"நான் வீடு விக்கிறவன். உனக்குச் சொல்லுறன், ஸ்ராண்டட்டை எடுத்த ஒருத்தனும் பேந்து சந்தோசமா இருந்ததில்லை. குசினிக்குக் கல்லுப் போடேக்கை காசைப் பாத்தவன் எல்லாம் இண்டைக்கும் மனிசியிட்டை பேச்சு வாங்கிறான்."

எங்கள் ஆட்களுக்கு அப்கிறேட் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு வேண்டுதல். புது வீடு கட்டிக் கொடுக்கிறவன் படிக்கட்டுக்கு அப்கிறேட், கதவுப்பிடிக்கு அப்கிறேட் என்று காட்டக்காட்ட ஓம் ஓம் என்று கையெழுத்து வைப்பார்கள். பிறகு அந்தக் குசினியில் மீன் பொரித்தால் மணக்கும் என்று கராஜுக்குள் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். வரவேற்பறைச் சோபாவுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, வருகிறவர்களை நிலக்கீழ் அறையில் இருத்துவார்கள். இதெல்லாம் தெரிந்த நான், துவக்கு மட்டும் எப்படித் தப்பும் என்று நினைத்தேனோ தெரியாது.

பொருளாளர் விலையைக் கேட்டு முகம் சுளித்தார். அவ்வளவுதான், வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் தலைவர் அந்த வெள்ளி மூடியை விரலால் தடவிக்கொண்டு சொன்னார்.

"கூடுற காசை நான் போடுறன். அது என்ர உபயம். இதிலை அப்பாவின்ர பேரைப் போடுவம்."

கோயிலில் ரியூப் லைட் போட்டால்கூட அதில் உபயகாரரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிற சனம் நாங்கள். பெயர் மறைத்தது போக மிச்ச வெளிச்சம்தான் சாமிக்கு. ஆனால் மூஸ் சுடுகிற துவக்குக்கு ஞாபகார்த்தம் வைத்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அதிலும் தலைவரின் தகப்பனாரை எனக்குத் தெரியும். ஊரில் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தவர், பரம சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். கடைசிக் காலத்தில் இங்கே வந்து இருந்தபோது றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் எறும்பு வரிசையைக் கடக்க வழி தெரியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மகன் மட்டும் என்ன, வெள்ளிக்கிழமைகளில் காட்டுக்குள்ளும் சைவம்தான், சனிக்கிழமை காலையில் மூஸ் ஈரல். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

"அண்ணை, ஐயா சைவமல்லோ?" என்று கேட்டேன்.

"அவர் சைவம்தான். அதுக்கென்ன? அவர் சாப்பிடப் போறாரே?"

தலைவர் மூடியை எடுத்தால் பொருளாளர் சும்மா இருப்பாரா? காசு செலவழிக்க முகம் சுளித்த அதே ஆள், ஸ்கோப் தன்னுடைய உபயம் என்றார். தூரத்தில் நிற்பதைக் கிட்டத்தில் காட்டும் அந்தக் குழல்தான். அதில் தாயின் பெயர் வரவேண்டும் என்றார். அந்த அம்மா கடைசி வருடங்களில் கண் முழுதாகத் தெரியாமல் இருந்து செத்தவர். செயலாளர் தம்பிக்கு வந்தது பெரிய சங்கடம், ஏனென்றால் அவனுடைய தாய் தகப்பன் இருவரும் பிரம்ரனில் சுகமாக இருக்கிறார்கள். யோசித்துவிட்டு, துவக்கு வைக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதில் மகளின் முதலாவது பிறந்தநாள் வாழ்த்தைப் போடச் சொன்னான். கடைசியில் குண்டுதான் மிஞ்சியது.

"குண்டுக்கு உபயகாரர் இல்லை. நீ எடன்," என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

"எடுக்கிறன் அண்ணை. ஆரின்ர பேரைப் போடுறது?"

மூவரும் ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். பிறகு குண்டுக்குப் பெயர் தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. நான் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் கிடந்த ஸ்ராண்டட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். கடைக்காரன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அப்போதாவது எனக்குத் தனியாக ஒன்று தா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மூன்று பேரும் கோபிப்பார்கள், கபினில் ஒருத்தனும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டான் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

வெட்டு வேலை, விளையாட்டுப் போட்டிகளுக்குக் கிண்ணம் செய்கிற ஒரு கடைக்குப் போனது. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. செயலாளர் எழுத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்தான். அமரர் என்று தொடங்கி, ஊர், கோயில், தர்மகர்த்தா, ஞாபகார்த்தம், உபயம், மகன், மருமகள், கனடா என்று முடிந்தது. இவ்வளவும் ஒரு தீப்பெட்டி அளவு மூடியில் வரவேண்டும். வந்தது. வாசிக்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்.

பருவம் தொடங்க முன் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் வாரக்கணக்காகக் கெஞ்சினேன். பெட்டியைத் திறக்கும்போது உபயகாரர் மூவரும் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை எல்லாருமாக வந்து சேர்ந்தார்கள். நான் சுடுவேன், பொருளாளர் ஸ்கோப்பைத் துடைப்பார், தலைவர் மூடியைத் துடைப்பார், செயலாளர் படம் எடுப்பான். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த கிழவன், உங்களில் யாருக்காவது கலியாணமா என்று கேட்டான். அதற்குப் பிறகு நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்குத் துவக்கு தலைவர் வீட்டுச் சாமியறையில் படுத்திருந்தது. ஸ்கோப்பின் கண்ணாடியில் யாரோ சந்தனப்பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பின்னேரம் போயிற்று.

ஒக்ரோபரில் வடக்கே போனோம். அந்த வருடப் பயணத்தில் நெடுஞ்சாலையோடு ஒரு கதையும் நிற்கவில்லை. சங்கத்துக்கு இணையத்தளம் வேண்டுமா, ஆண்டுவிழாவுக்கு எந்த மண்டபம், பிரதம விருந்தினர் யார் என்று கபின் வாசல் வரை கதைத்தார்கள். கபினில் நாலு கட்டில். துவக்கை நிலத்தில் வைத்தால் குளிர் ஏறும் என்று பெட்டியோடு ஒரு கட்டிலில் வைத்தார் தலைவர். நான் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன். நிர்வாக சபை உறுப்பினர் எங்கே படுத்தால் என்ன?

முதல் நாள் நல்ல வெயில். துவக்கை யார் தோளில் காவுவது என்று முறை போட்டார்கள். காலையில் தலைவர், மத்தியானம் பொருளாளர், பிறகு செயலாளர், பொழுது படுகிற நேரம் நான். மூஸ் வேட்டையில் முதலாவது விதி சத்தம் போடக்கூடாது. தலைவர் கிளை உரசும், கிளை உரசும் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மூஸ் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாம் நாள் மழை பிடித்தது. பெருமழை இல்லை, விட்டுவிட்டுத் தூறுகிற மழை. ஆண் மூஸ் துணை தேடித் திரிகிற காலத்தில் அந்தத் தூறல் வேட்டைக்காரனுக்கு நல்லது. நிலம் நனைந்தால் காலடி கேட்காது. வெள்ளைக்காரன் இருந்தால் விடிய முன்னமே எங்களை உதைத்து எழுப்பியிருப்பான். இவர்கள் அடுப்பைச் சுற்றி இருந்து சீட்டெடுத்து முன்னூற்றி நாலு விளையாடினார்கள். மழை விடட்டும் என்றார்கள். மழை அடுத்த நாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும் விடவில்லை. கடைசி நாளும் வந்துவிட்டது. பின்னேரத்தோடு பருவம் முடிகிறது. என் அனுமதியும் முடிகிறது.

அன்று விடிய நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"அண்ணை, துவக்கைத் தாங்கோ. நான் ஏரிப் பக்கம் போட்டு வாறன்."

"உந்த மழைக்கையோ? விசரே உனக்கு?"

"கடைக்காரன் சொன்னவனெல்லோ, துருப்பிடிக்காத பூச்சு எண்டு. நீங்களும் அதுக்குத்தானே காசு குடுத்தனீங்கள்."

"இரும்புக்குப் பூச்சிருக்கு. மரத்துக்கு? அப்பாவின்ர எழுத்துக்கு?"

"ஸ்கோப்புக்குள்ள ஈரம் போனால் புகார் படிஞ்சு கண்ணாடி மங்கிப்போடும் மச்சான்," என்றார் பொருளாளர், சீட்டில் இருந்து கண்ணை எடுக்காமல். விசைப் பூட்டின் திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில் தாலி மாதிரித் தொங்கியது.

"இண்டைக்கு விட்டால் என்ர புள்ளி எல்லாம் பூச்சியம் அண்ணை. இன்னொருக்கா எடுக்கிறதெண்டால் எனக்கு எத்தினை வயசு வரும்?"

தலைவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் இளகினார். இளகி, இதைக் கூட்டத்துக்கு விடுவோம் என்றார். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூவரும் கை உயர்த்தினார்கள். மழை நேரத்தில் சங்கத்தின் துவக்கு வெளியே போவதில்லை என்ற தீர்மானம் ஒரு எதிர்ப்போடு நிறைவேறியது. நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெறுங்கையோடு வெளியே போனேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதுதான்.

ஏரி ஒரு கையாக உள்ளே வளைகிற இடத்தில், முன்பு நாங்கள் வழக்கமாகக் காத்திருக்கும் விழுந்த மரம் ஒன்று உண்டு. அதில் இருந்தேன். ஆத்திரம் ஆறவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, பெண் மூஸ் அழைப்பதுபோல ஒரு நீளமான சத்தம் போட்டேன். வெள்ளைக்காரன் பழக்கின சத்தம். மூஸுக்காகப் போட்டேன் என்று சொல்லமாட்டேன், ஒப்பாரிக்குக் கிட்டத்தான் இருந்தது. திரும்பவும் போட்டேன்.

பதில் வந்தது. அக்கரையில் ஒரு உறுமல், பிறகு கொப்பு முறியும் சத்தம், பிறகு தண்ணீர் கலங்கும் சத்தம். அது தண்ணீருக்குள்ளால் நடந்து என் பக்கம் வந்தது. கொம்பு இரண்டு சுளகு அகலம். தாடி சொட்டச்சொட்ட வந்து, எங்கள் வீட்டு வாசலுக்கும் முன்வீட்டுக்காரன் வாசலுக்கும் இடையில் இருக்கிற தூரத்தில் பக்கவாட்டாக நின்றது. வேட்டைக்காரன் கனவில்கூட அப்படி நிற்காது. நெஞ்சு முழுவதும் எனக்குக் காட்டிக்கொண்டு, கூப்பிட்ட பெண்ணைத் தேடியது. என் கைகள் தாமாகவே தோளுக்கு உயர்ந்தன. கையில் ஒன்றும் இல்லை. அந்த ஸ்ராண்டட் இருந்திருந்தால், அந்த மண்வெட்டி மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்தேன். சட்டைப்பையில் அனுமதி நனைந்துகொண்டிருந்தது. மூஸ் அவசரப்படவில்லை. என்னைப் பார்த்தது, மூக்கைச் சுழித்தது, நான் ஒரு பொருட்டில்லை என்று கண்டுகொண்டு மெதுவாக மரங்களுக்குள் போய்விட்டது. நான் அழுதேன். மழையில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பார்கள். அங்கே தெரிந்துகொள்ள யாரும் இருக்கவும் இல்லை.

திரும்பி வர அரை மணித்தியாலம் எடுத்தது. வரும் வழியில் கோபம் எல்லாம் போய்விட்டது, ஒரேயொரு ஆசைதான் இருந்தது. கண்டதை இவர்களிடம் சொல்ல வேண்டும். இவர்கள் தலையில் கை வைக்க வேண்டும், ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாலு பேருமாக இருந்து அந்த மூஸைப் பற்றிப் பொழுது போகும் வரை கதைத்தால், சுட்டதற்குச் சமம் என்றுகூட நினைத்தேன். கபின் கதவைத் திறந்து வாசலில் நின்று சொன்னேன்.

"மூஸ் கண்டனான். பெரிய ஆண். எனக்கு முன்னால வந்து பக்கம் காட்டிக்கொண்டு நிண்டது. கன நேரம் நிண்டது."

மூவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். என் உடுப்பிலிருந்து தண்ணீர் வடிந்து வாசலில் தேங்கியது. தலைவர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம், துவக்கைக் கொண்டு போகேல்லை. பார் எப்பிடி நனைஞ்சு போய் நிக்கிறாய்."

சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே போனேன். கட்டிலில் இருந்த பெட்டியைத் திறந்தேன். தம்பி மகளின் முதலாவது பிறந்தநாள் வாழ்த்தோடு பெட்டியின் மேற்பாதி ஒரு பக்கம் விழுந்தது. விசைப் பூட்டோடேயே துவக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முற்றத்தின் நடுவில், வானத்துக்குக் கீழே, இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை அப்போதுதான் வலுத்தது. வால்நட் மரத்தில் விழுந்தது, ஸ்கோப்பில் விழுந்தது, தர்மகர்த்தாவின் மேல் விழுந்தது. நான் அந்த வெள்ளி மூடியை மழைக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். உபயகாரர் மூவரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"டேய், உள்ளை கொண்டு வா. விசரா," என்றார் தலைவர். சப்பாத்து இல்லாதபடியால் அவர் படியை விட்டு இறங்கவில்லை.

"மச்சான், சொன்னாக் கேள். உது எல்லாற்றை பொருள்," என்றார் பொருளாளர்.

நான் அசையவில்லை. தண்ணீர் என் கழுத்தால் இறங்கி முதுகுக்குள் ஓடியது. குளிரில் பல்லுக் கிட்டியது, கை விறைத்துப் போயிற்று. செயலாளர் தம்பி உள்ளே ஓடினான். மூஸ் வேட்டைக்கு ஒருவன் குடை கொண்டு வந்திருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதை விரித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, அண்ணை அண்ணை என்று என்னிடம் ஓடி வந்தான். அந்தக் கணம் எனக்கு அவன் மேல் சொல்ல முடியாத அன்பு வந்தது. கிட்ட வந்து குடையை நீட்டி, துவக்குக்கு மேலே பிடித்தான்.